செவப்பா, ஒல்லியா ஒண்ணு

எழுமலையை விட்டு உசிலம்பட்டி ரோட்டில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு துணிப்பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி. நான் விட்டுவிட்டு வந்த மனிதர், தன் நிழலையே திரும்பிப் பார்த்து 'யார்ரா நீ, எதுக்கு எம் பின்னாடியே வர்ற?' என்று கேட்கக்கூடியவர். மதுரைப் பக்கத்தில் அப்படி இன்னொருவர் கிடையாது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் சிசிடிவி அண்ணன்.

நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். வாசலில் ஒரு கேமரா தொங்கும், வயர் இருக்காது. கேட்டால், "வயர் இருந்தா அது வழியா அவங்க நம்மளப் பாத்துருவாங்க" என்பார். அந்த 'அவங்க' யார் என்று கேட்டவனை அன்றே அவர்களில் ஒருவனாகச் சேர்த்துவிடுவார். டீக்கடையில் டீயை வாங்கி, பக்கத்தில் இருப்பவனை ஒரு வாய் குடிக்கச் சொல்வார். அவன் சாகவில்லை என்றால் மீதியைக் குடிப்பார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பரோட்டாக் கடை, சென்ட்ரிங் வேலை, லாரி கிளீனர் என்று எதிலும் ஒரு மழைக்காலம் தாண்டியதில்லை. அப்பா அம்மா இல்லை. ஏன் வந்தாய், ஏன் போகிறாய் என்று கேட்க ஆளும் இல்லை. இவர்தான் கேட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று என் ஆதார் கார்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, போட்டோவில் சிரிக்காதவன் நேரில் மட்டும் ஏன் சிரிக்கிறாய் என்றார். அதற்குப் பிறகு என்னை 'யேய்' என்று மட்டுமே கூப்பிட்டார். டீயைச் சோதிக்கும் வேலையும் எனக்கே வந்தது.

ஒரு நாள், இன்குபேட்டரில் புதிதாகப் பொரித்த குஞ்சு ஒன்றுக்குக் கால் ஒடிந்துவிட்டது. உடனே விசாரணை. என் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பூனையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவருடைய மச்சினன், அதாவது மதினியின் தம்பி, பண்ணையில் கூட்டாளி. வந்து பார்த்த அவன், "தேறாது மாமா, தீனிக்குத் தண்டம். பூனைக்குப் போட்ருங்க" என்றான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, குஞ்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறைக்குள் அவர் குரல் கிசுகிசுவென்று கேட்டது.

"பாவம், தாய் மொகமே தெரியாதது. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. இன்னைக்கே கால்கட்டு போட்டுருவோம்."

செம்பைக் கீழே வைத்தேன். தாய் முகம் தெரியாதவன், ஓரிடத்தில் நிற்காதவன் என்றால் அந்தப் பண்ணையில் நான் ஒருவன்தான்.

"தோதா எதும் பாத்தீகளா?" என்றார் மதினி.

"செவப்பா, ஒல்லியா ஒண்ணு பாத்தேன். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில."

"கேட்டதும் குடுத்துட்டாகளா?"

"எங்க கேட்டேன்? கடைக்காரன் அங்கிட்டுத் திரும்பவும் தூக்கிட்டு வந்துட்டேன். உள்ள பொட்டியில போட்டு மூடி வச்சிருக்கேன்."

ஜூஸ் கடைக்காரருக்கு ஒரு மகள் உண்டு. சிவப்புதான். ஒல்லிதான். அவளுக்கு மூன்று அண்ணன்கள், அவர்களில் ஒருவரும் ஒல்லி இல்லை. பட்டினி எனக்குப் பழக்கம். பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் படுப்பதும் பழக்கம். கல்யாணத்துக்காகப் பெண்ணைப் பெட்டியில் போட்டு மூடுவது பழக்கமில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பின்னால் மொபெட் சத்தம்.

"நில்லு மாப்ள."

'யேய்' போய் 'மாப்ள' வந்துவிட்டது. சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இறங்கியதும் முதலில் என் பையை வாங்கிக் கொட்டினார். கைலியை உதறினார். எதுவும் விழவில்லை. அதுவே அவர் சந்தேகத்தைக் கூட்டியது. ஒன்றும் எடுக்காதவன் எதற்கு ஓடுகிறான்?

"அண்ணே, எனக்குக் கல்யாணம் வேணாம்ணே. அந்தப் பிள்ளைய மொதல்ல அவுக வீட்டுல விட்டுருங்க. அதுக்கு மூணு அண்ணன்."

"எந்தப் பிள்ள?"

"ஜூஸ் கடைப் பிள்ள. நீங்க மதினிகிட்டச் சொன்னதக் கேட்டேன்."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். மேலே புளியமரத்தையும் பார்த்தார். பிறகு சட்டைப் பையின் பித்தானைக் கழற்றினார். ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. மெதுவாக வெளியே எடுத்தார். குஞ்சின் காலில், நெடுக்காகப் பிளந்த சிவப்பு ஸ்ட்ரா ஒன்று மருந்துக்கடை டேப்போடு அவிழ்ந்து தொங்கியது.

"ஒத்தையாக் கட்டுனேன். ஒதறி ஒதறி அவுத்துருச்சு. பிடிச்சுக்கிற ஒரு ஆளு வேணும்."

மதினியைப் பிடிக்கச் சொல்லலாமே என்றேன்.

"சொல்லும்போது நல்லவளாத்தான் இருந்தா. பெறகுதான் யோசிச்சேன், அவ மச்சினனுக்கு அக்கால்ல?"

மச்சினன் பார்த்தால் குஞ்சு பூனைக்குத்தான். அதனால்தான் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். மொபெட் தூக்கித் தூக்கிப் போடும், கால் தாங்காது என்று சொல்லிக் குஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஊருக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு நெசமாவே மூணு அண்ணனா?"

மறுநாள் காலையில் அதே பண்ணையில் எனக்குப் புது வேலை. மச்சினன் சந்தைக்குக் கிளம்பிய பிறகு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, அண்ணன் கட்டி முடிக்கும்வரை குஞ்சை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அண்ணன் ஸ்ட்ராவை அளந்து வெட்டினார், காலில் பொருத்தினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பைச் சுற்றினார். பூனையின் முகத்தைக்கூட விட்டுவைக்காத அந்த மனிதர், குஞ்சைப் பிடித்திருந்த என் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.