பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை

சும்மா இருப்பவர்களைக் கண்டால் ஒரு காலத்தில் எனக்கு ஆகாது. பால் பொங்குவதற்காக அடுப்படியில் காத்து நின்ற அம்மாவிடமே, "அந்த நேரத்துல நாலு பாத்திரம் கழுவலாமே" என்று கேட்டிருக்கிறேன். (அம்மா பார்த்த பார்வையே போதும்.) நிர்வாக டிப்ளோமா முடித்த கையோடு வந்த வியாதி அது.

அப்படிப்பட்ட என்னை, டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை பயிலுநராக எடுத்தது. எங்கெங்கே நேரம் வீணாகிறது என்று அளந்து, அதைக் குறைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஆறு மாதத்தில் வேலை நிரந்தரம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா அதைச் சொல்லாத ஆள் டயகம பஸ்ஸில் இல்லை.

வீணாகும் நேரத்தை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அது கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. பெயர் பவளம்.

அந்த மாடியில் பஸ் நீளத்துக்கு ஆறு தொட்டிகள். கம்பி வலைமேல் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து காற்று விடுவார்கள். மழைநாளில் ஈரக் கொழுந்து வந்தால் முதலில் வெதுவெதுப்பான காற்று. மேலீரம் காய்ந்ததும் சூட்டை அடைத்துவிட்டு வெறும் காற்று. மேரியும் லெட்சுமியும் கொழுந்தைப் பரப்பினார்கள், புரட்டினார்கள். பவளம் அக்கா உட்கார்ந்திருப்பார். எப்போதாவது எழுந்து போய் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு மறுபடி உட்காருவார். என் தாளில் 'வேலை', 'சும்மா' என்று இரண்டு கட்டங்கள். அக்காவின் 'சும்மா' நிரம்பி வழிந்தது.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் போனேன். எதற்கும் முகம் மாறாத மனிதர்.

"ரெண்டு பேர் போதும் ஐயா. பவளம் அக்காவ கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிறலாம்."

"அதுக்கு முழங்கால் ஏலாதுங்க மிஸ். மலை ஏற மாட்டா."

"ஒரு நாள் அளந்து பாப்போம் ஐயா. அக்கா வேலைய நானே செய்றேன்."

கொழும்பிலிருந்து தலைமை அலுவலக அதிகாரி வரும் நாளையே அதற்குத் தேர்ந்தெடுத்தேன். (அவ்வளவு தன்னம்பிக்கை.) கீழே போய் உட்காரச் சொன்னதும் பவளம் அக்கா எழுந்து நடந்தார். படியில் நின்று, "கையால தொட்டுப் பாருங்க மிஸ். கடியாரத்துல தெரியாது" என்றார்.

குறிப்பெடுக்கும் வேலை மேரிக்கு. மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ, யாரு என்ன செய்றாங்கன்னு அப்பிடியே எழுதணும். யாரா இருந்தாலும் எழுதணும்" என்று சொல்லிவைத்தேன்.

மதியம். காலை மழையில் நனைந்த கொழுந்து என்பதால் ஆறு தொட்டிக்கும் சூடு திறந்திருந்தது. வெளியே மலை முழுவதையும் மூடுபனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக அது உள்ளேயும் வந்து, தொட்டிகளுக்கு மேலே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. காற்றாடிகள் ஒரே சுருதியில் முனகின. கொழுந்திலிருந்து கொய்யா பழுக்கிற மாதிரி ஒரு வாசம். தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். கை சூடானது, கன்னத்தையும் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

கனவில் நான் மேகம் பறித்துக்கொண்டிருந்தேன். கூடை கூடையாகப் பறித்துத் தராசில் வைத்தால் முள் அசையவே இல்லை. அதற்காக யாரும் ஏசவுமில்லை. எல்லோரும் மெதுவாக, மெதுவாக நடந்தார்கள்.

கண் விழித்தபோது தலைக்கு மேலே டீமேக்கர் ஐயா. அவர் பக்கத்தில் கொழும்பு அதிகாரி. தலைமுடியிலெல்லாம் கொழுந்து. நான் தொட்டிக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.

அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மேரியின் தாளைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். ஐயா வரிவரியாகத் தமிழில் வாசித்து, உடனே சிங்களத்திலும் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"பன்னெண்டு அம்பது. மிஸ் தலைய வச்சிருச்சு. ஒரு மணி. மிஸ் செருப்ப கழட்டி வச்சிட்டு உள்ள ஏறிருச்சு. ஒண்ணு பத்து. மிஸ் தூங்குது. ஒண்ணு இருவது. மிஸ் தூங்குது. ஒண்ணு முப்பது. மிஸ் தூங்குது, சிரிக்குது."

அப்படியே மூன்று மணி வரைக்கும் போனது.

அதற்குள் ஆறு தொட்டிக் கொழுந்தும் கருகியிருக்க வேண்டும். பதறி எழுந்து பார்த்தேன். ஐந்து தொட்டிகளில் சூடு அடைத்திருந்தது. கொழுந்து பதமாகக் கிடந்தது. நான் படுத்திருந்த தொட்டியில் மட்டும் அப்பளமாக நொறுங்கியது. பவளம் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாசம் கீழ வரைக்கும் வந்துச்சுங்க மிஸ். அதான் ஏறி வந்து அடச்சேன்."

"இத ஏன் அடைக்கல அக்கா?"

"நல்லா தூங்கிக்கிட்டு இருந்தீங்க. அடச்சா குளிருமேன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் மேரி எழுதிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். உங்கள் அளவீட்டின் முடிவு என்ன என்று அதிகாரி கேட்டார்.

"மூணு பேர் வேணும் சேர்" என்றேன்.

அவர் தலையாட்டினார், சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அந்த மூன்று மாதமும் பவளம் அக்கா பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தக் கொழுந்து எப்போது காயும் என்று கையால் படித்தேன். அதைக் குறித்துவைத்து வேலை செய்ததில், சூட்டுக்குப் போகும் விறகு உண்மையிலேயே குறைந்தது. தாளில் 'சும்மா' என்பதை அடித்துவிட்டு 'பார்த்திருத்தல்' என்று எழுதினேன்.

மேரியின் தாள் மட்டும் எனக்கு முன்னால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா அதை என் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொன்னார். இத்தனை வருடம் கழித்து, போன மாதம் ரயிலில் பட்டிப்பொல ஸ்டேஷன் தாண்டும்போது, ஜன்னலில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தேன். பக்கத்தில் கணவர் மகளிடம் ரகசியமாகச் சொன்னார்: "ரெண்டு நாப்பது. அம்மா தூங்குது. எழுது."

கேட்டது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்ததை எழுத இன்னும் பத்து நிமிடம் இருந்தது.