நாட்டைத் திருத்துகிறவர், நடைபாதை வரை

தில்லியில் குரங்குக்கும் புறாவுக்கும் அடுத்தபடியாகப் பெருகிவரும் ஜீவராசி ஒன்று உண்டு: நாட்டின் பொருளாதாரத்துக்காகத் தனி ஆளாகக் கவலைப்படுகிறவர். பார்த்திருப்பீர்கள். பால் பூத்தில், மெட்ரோவில், கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், இவர் நிதிப் பற்றாக்குறையைக் குறைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் தலையாட்டினால் போதும். ஆட்டாவிட்டாலும் விடமாட்டார்.

எங்கள் சந்தில் இந்த இனத்தின் பிரதிநிதி சந்திரமௌலி. மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரோடு போடறதே மறுபடி தோண்டறதுக்குத்தான் சார், எல்லாம் கமிஷன்" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

இந்த மார்ச் கடைசியில் அவர் சொன்னதுபோலவே நடந்தது. சந்தின் சாக்கடை மழைக்கு மழை எதிர்த்துக்கொண்டு வருகிறது. போன வருஷம் கீழ்த்தளத்து ஆல்பர்ட் வீட்டில் ஃப்ரிட்ஜ் மிதந்தது. சாக்கடையைச் சரிசெய்யுங்கள் என்று எல்லோரும் மனுக் கொடுத்தோம். வந்ததோ, நன்றாக இருந்த நடைபாதையை உடைத்துப் புது டைல்ஸ் போட ஒரு ஜேசிபி. நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவழித்தாக வேண்டுமாம்.

சந்திரமௌலி பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஜேசிபிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "முதல்ல சாக்கடை, இல்லேன்னா என்மேல ஏத்து" என்று ஹிந்தியில் கர்ஜித்தார். அவருடைய ஹிந்தியில் ஜேசிபி ஆண்பால், கான்டிராக்டர் பெண்பால். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. வேலை நின்றது. மாடியிலிருந்து கைதட்டினார்கள். ஆல்பர்ட் கண்கலங்கி டீ கொண்டுவந்தார்.

மறுநாள் கான்டிராக்டர் கைகூப்பி வந்தார். "சார்ஜி, டைல்ஸ் கொஞ்சம் மிஞ்சும். உங்க கார் நிக்கிற இடத்துல போட்டுடட்டுமா?"

சந்திரமௌலி யோசித்தார். முப்பது வருஷ நேர்மை, கண் முன்னால் நின்று அவரை முறைத்தது.

"என்ன கலர்?" என்றார்.

சாயங்காலம் ஆல்பர்ட் கேட்டார்: "என்ன சார், நாற்காலியைக் காணோம்?"

"ஆல்பர்ட், எகனாமிக்ஸ் தெரியாமப் பேசப்படாது. கவர்மென்ட் செலவு பண்ணினாத்தான் பணம் புழங்கும். பணம் புழங்கினாத்தான் டிமாண்ட் வரும்."

"எங்க வீட்டுக்குத் தண்ணி வருமே சார்."

வந்தது. ஜூலையில் பெய்த முதல் பெருமழைக்கே. புது நடைபாதை பழையதைவிட அரையடி உயரம்; ஆல்பர்ட் வீட்டு வாசல் இப்போது அதற்கும் கீழே. சந்தில் தேங்கிய தண்ணீர் அத்தனையும் நேரே ஆல்பர்ட் வீட்டுக்குள் இறங்கியது. சந்திரமௌலியின் மனைவி லதா, ஆல்பர்ட் குடும்பத்தைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து, துண்டு கொடுத்து, தோசை வார்த்துப் போட்டாள். தானும் ஒரு தட்டோடு உட்கார்ந்த சந்திரமௌலி, "பிளானிங்கே இல்லை சார் இந்த நாட்டுல" என்று ஆரம்பித்தார்.

லதா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். "தட்டை வெச்சுட்டுப் போய் அவா வீட்டுத் தண்ணியை வாரிக் கொட்டுங்கோ. ஜல்தி."

போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளிக்கு ஒரு இலாகா வீதம் திட்டியபடி விடிய விடிய வாரிக் கொட்டினார். ஆல்பர்ட் அடுத்த வாளியை நீட்டிக்கொண்டே இருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். போன மாதம் இன்வெர்ட்டர் வாங்கப் போனீர்களே, கடைக்காரர் "பில் வேணுமா?" என்று கேட்டதும், குரலைத் தாழ்த்தி, "பில் இல்லேன்னா எவ்வளவு ஜி?" என்றது யார்?