டீச்சர்னு சொன்னா பத்து பர்ப்பி

சனிக்கிழமை காலையில எக்சர்சைஸ் பண்ணப் போனேன். அவ்வளவு தான் வேலை. போகணும், குதிக்கணும், வரணும்.

ஏன் போனேன்னு முதல்லயே சொல்லிடறேன். இல்லேன்னா நான் ஏதோ நல்ல பையன்னு நினைச்சிடுவீங்க.

படிப்பு முடிஞ்சாச்சு. அடுத்து தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவம். அதுக்கு முன்னாடி ஒரு ஃபிட்னஸ் டெஸ்ட் இருக்கு. பாஸானா சேவையில ரெண்டு மாசம் குறையும். போன தடவை ஃபெயில். புஷ்-அப் எடுக்கக் கீழ போனேன், மேல வரல. டெஸ்ட் எடுத்த சார் குனிஞ்சு பார்த்து, "தம்பி, தூங்கிட்டியா?"ன்னு கேட்டாரு.

அடுத்த மாசம் கடைசி சான்ஸ்.

அப்பா சொன்னாரு, "வெளிய எதுக்கு? நானே ட்ரெய்ன் பண்றேன்டா." சொல்லிட்டு அலமாரியிலேருந்து ஒரு விசிலை எடுத்தாரு. அவரு சேவை செஞ்ச காலத்து விசில். இன்னும் பளபளன்னு இருந்துச்சு. இந்த ஒரு நாளுக்காகவே இத்தனை வருஷமாத் துடைச்சு வெச்சிருந்த மாதிரி.

அந்த விசிலைப் பார்த்த பயத்துல தான் போன்ல பரபரன்னு தேடினேன். தேக்கா மார்க்கெட் பக்கத்துத் திடல்ல விடியக்காலையில ஒரு குரூப் ட்ரெய்னிங் நடக்குதுன்னு போட்டிருந்துச்சு. மெசேஜ் பண்ணேன். கோச் ரவீன் பதில் போட்டாரு: "முதல் நாள் ட்ரையல். முடிஞ்சதும் தேக்காவுல சாப்பிடுவோம். அங்க குரூப் ஓட்டுப் போடும். ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம் தான்."

அதாவது, ஓட்டு விழுந்தா ரவீன். விழலேன்னா விசில்.

அம்மாகிட்ட சொன்னேன். "தேக்காவா? நல்லதாப் போச்சு. நானும் ஆட்டுக்கறி வாங்க அங்க தான் வர்றேன். முடிச்சுட்டு வந்து பை தூக்கு"ன்னாங்க. என் உடம்பு தேறுதோ இல்லையோ, கறி பத்திரமா தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து சேரணும்.

ரெண்டு மாசம் சேர்த்துத் தூங்கறதுக்காக, கோழி கூட எந்திரிக்காத நேரத்துல எந்திரிச்சு முதல் ரயிலைப் பிடிச்சேன்.

திடல் கும்மிருட்டு. நம்ம ஊர்ல ஏழு மணி வரைக்கும் சூரியனே வேலைக்கு வராது. நாங்க மட்டும் வரணுமாம்!

விளக்குக் கம்பத்துக்குக் கீழ ஏழெட்டுப் பேரு நின்னாங்க. நம்ம வயசுப் பசங்களா இருப்பாங்கன்னு கிட்டப் போய்ப் பார்த்தா பாதிப் பேருக்கு நரைச்ச முடி. ஒருத்தரு முழங்காலுக்குப் பட்டி வேற கட்டியிருந்தாரு.

உண்மையச் சொல்றேன், எனக்கு ஒரே சந்தோஷம். 'அட, இவங்களா! நான் தான் இங்க சாம்பியன்'னு நினைச்சேன்.

மனசுக்குள்ள கப்பு வாங்கிட்டு ஒரு அடி பின்னாடி வெச்சேன். யாரோட காலையோ மிதிச்சுட்டேன்.

"சாரி அங்கிள்!"

எல்லாரும் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தரு "ஐயோ"ன்னாரு.

கோச் ரவீன் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. என்னை விடப் பத்து வயசு தான் கூட இருக்கும். "புதுசு இல்ல? இங்க ஒரே ஒரு ரூல். அங்கிள், ஆன்ட்டி, அண்ணன், அக்கா எதுவும் கிடையாது. பேர் மட்டும் தான். யார் சொன்னாலும் மொத்தக் குரூப்பும் பத்து பர்ப்பி."

"ஏன்?"னு கேட்டேன்.

"அங்கிள்னு கூப்பிட்டா மனுஷன் உடனே அங்கிள் ஆயிடறாரு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறாரு. பேரைச் சொன்னா ஓடறாரு. இறங்குங்க எல்லாரும்!"

பர்ப்பின்னா என்னன்னு தெரியாதவங்க புண்ணியம் பண்ணவங்க. நிக்கணும், தரையில விழணும், எந்திரிக்கணும், குதிக்கணும். திரும்ப விழணும். சும்மா நின்னுட்டு இருக்கற மனுஷனுக்கு எதுக்கு லா இது?

பட்டி கட்டினவரு பத்தும் முடிச்சுட்டுத் தண்ணி குடிச்சாரு. சாம்பியன் நாலாவதுல கிடந்தான்.

எனக்கு இந்த ரூல் எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. தெரியாத ஆம்பளையா, அங்கிள். தெரியாத பொம்பளையா, ஆன்ட்டி. லிஃப்ட்ல, பஸ்ல, கோப்பிக் கடையில எல்லாம் இதை வெச்சுத் தான் பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன். எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குன்னு தனியா ஒரு பேர் இருக்கும்னு எனக்குத் தோணினதே இல்ல.

நான் மிதிச்சது ஆ செங்கோட கால். சீனர், ரிட்டையர்டு டாக்சி டிரைவர். தமிழ்க் கடைங்க நிறைஞ்ச சிராங்கூன் ரோட்டுலயே வளர்ந்ததால நல்லாத் தமிழ் பேசுவாரு. பட்டி கட்டினவரு முருகையா, ஜவுளிக்கடைக்காரர்.

நான் எந்திரிக்க முடியாம கிடந்தப்போ ஆ செங் கை குடுத்துத் தூக்கி விட்டாரு. நான் என்ன சொன்னேன்?

"தேங்க்ஸ் அங்கிள்."

பத்து!

இந்தத் தடவை ஆ செங்குக்கே கோவம் வந்துடுச்சு. "என்னா தம்பி, காது கேக்கல ஆ?"

ரவீன் அவரைத் திரும்பிப் பார்த்தாரு. "ஆ செங், இப்ப என்ன சொன்னீங்க?"

"...தம்பி."

"இன்னொரு பத்து."

முருகையா என்னையே முறைச்சாரு. "ரவீன், இந்தப் பையனைச் சேர்த்தா நம்ம முட்டி எல்லாம் போயிடும். என் ஓட்டு கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

எனக்குக் காதுக்குள்ள விசில் சத்தம் கேட்டுச்சு.

சரி, வாயைத் திறந்தா தானே பிரச்சனை? இனிமே பேசவே போறதில்லன்னு முடிவு பண்ணேன். கொஞ்ச நேரம் அருமையாப் போச்சு. ஓடினேன், குதிச்சேன், ஊமை மாதிரி இருந்தேன். லேசா விடிய ஆரம்பிச்சுது.

ரவீன், "ஜோடி சேருங்க"ன்னாரு. எனக்குப் பக்கத்துல தொப்பி போட்ட ஒரு அம்மா வந்து நின்னாங்க. பச்சை ஷூ, பளிச்சுன்னு கண்ணு கூசுது. தொப்பியைக் கழட்டிட்டு, "என்ன தர்ஷன், நல்லா இருக்கியா?"ன்னு கேட்டாங்க.

உயர்நிலைப் பள்ளியில நாலு வருஷம் எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த டீச்சர்!

புடவை, கண்ணாடி, சிவப்புப் பேனா இது மூணும் இல்லாம அவங்களை நான் பார்த்ததே இல்ல. இருட்டுல எனக்கு முன்னாடி குதிச்சுக்கிட்டு இருந்தது அவங்க தான்னு எப்படிங்க தெரியும்?

வாய் தானாத் திறந்துச்சு. "வணக்கம் டீச்சர்!"

கையும் கூப்பினேன்.

பத்து.

விழுந்துக்கிட்டே முருகையா முனகினது எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. எழுத முடியாது.

ரவீன் பயிற்சியை விளக்கினாரு. ஒருத்தர் ப்ளாங்க் போடணும், அதாவது முழங்கையும் கால் விரலும் மட்டும் தரையில இருக்க, உடம்பைப் பலகை மாதிரி தூக்கி வெச்சிருக்கணும். இன்னொருத்தர் தூரத்துல இருக்கற மரம் வரைக்கும் ஓடி நிக்கணும். ப்ளாங்க்ல இருக்கறவங்க பேரைச் சொல்லிக் கத்தினா தான் அவங்க திரும்பி வருவாங்க. வந்தா தான் இவங்க கீழ இறங்கலாம்.

முதல்ல டீச்சர் ப்ளாங்க். நான் மரத்துக்கு ஓடினேன். "தர்ஷன்!" ஒரே சத்தம், நாலு வருஷம் க்ளாஸ்ல கத்தின பழக்கம். வீட்டுப்பாடம் செய்யாம மாட்டிக்கிட்ட மாதிரியே ஓடி வந்தேன்.

அடுத்து நான் ப்ளாங்க். டீச்சர் ஜிங்குன்னு மரத்துக்கிட்டப் போய் நின்னுட்டாங்க.

நான் கூப்பிடணும்.

பேர் தெரியாதா என்ன? தனலட்சுமி. ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துக்குக் கீழ பார்த்திருக்கேன். ஆனா சொல்லணுமே! வாய் வரைக்கும் வருது, பல்லுக்கிட்ட நின்னுடுது.

"திருமதி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"திருமதியும் கிடையாது"ன்னாரு ரவீன்.

வயிறு நடுங்குது. கை நடுங்குது. மத்த ஜோடி எல்லாம் முடிச்சுட்டு வேடிக்கை பார்க்கறாங்க. டீச்சர் மரத்தடியில நின்ன இடத்துலயே ஓடிக்கிட்டு, "கூப்பிடு தர்ஷன், எனக்கு வேற வேலை இருக்கு!"ங்கறாங்க.

ஆ செங் என் காதுக்கிட்டக் குனிஞ்சு, "தனான்னு சொல்லு லா. நாங்க அப்படித் தான் கூப்பிடுவோம்"னாரு.

தனாவா! தனலட்சுமியே வரல, இதுல தனாவாம்!

மூக்கு புல்லைத் தொட்டுச்சு. மனசுக்குள்ள அப்பா விசிலை வாயில வெச்சாரு.

"தனலட்சுமீ...! வாங்கஅஅ!"

புறா எல்லாம் பறந்துச்சு. ரோட்டுல கூட்டிக்கிட்டு இருந்தவரு நிமிர்ந்து பார்த்தாரு. டீச்சர் சிரிச்சுக்கிட்டே ஓடி வந்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. முருகையா தட்டல.

அதுக்கு அப்புறம் பாருங்க, பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு எனக்கு. ஒரு தடவை சொன்னதும் பயம் போயிடுச்சு. ரெண்டாவது ரவுண்டுல "தனலட்சுமி, சீக்கிரம்!" மூணாவதுல "தனா, வாங்க வாங்க!" பதினெட்டு வருஷமா மூட்டை கட்டி வெச்சிருந்த மரியாதை அரை மணி நேரத்துல அவுந்து போச்சு.

ட்ரெய்னிங் முடிஞ்சு எல்லாரும் தேக்கா உணவங்காடிக்குப் போனோம். ஓட்டு இன்னும் பாக்கி. முருகையா பிடிவாதமா இருந்தாரு. "திடல்ல சொல்லிட்டான் சரி. நாளைக்கு மறுபடியும் அங்கிள்னு ஆரம்பிச்சான்னா?"

நிரூபிச்சுக் காட்டறேன்னு எந்திரிச்சேன். "நான் போய்க் குடிக்க வாங்கறேன்"னு கடைக்கிட்டப் போய் அங்கேருந்தே கத்தினேன். "ஆ செங், பால் இல்லாம கோப்பி ஓ தானே? முருகையா, உங்களுக்குச் சீனி கம்மியா?"

முருகையா முகத்துல முதல் தடவையா லேசா ஒரு சிரிப்பு. ஆகா, ஓட்டு விழுந்தாச்சு! அந்தத் தெம்புல இன்னும் சத்தமா:

"தனா! ஆத்தின தே தாரிக்கா, கோப்பியா?"

"டேய்."

பின்னாடியிலேருந்து. எங்க அம்மா. ரெண்டு கையிலயும் கறிப் பை.

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் கத்தின திசையப் பார்த்தாங்க. அங்க யாருன்னு அடையாளம் தெரிஞ்சதும் முகம் வெளுத்துப் போச்சு. பெற்றோர் சந்திப்புல அந்த டீச்சர் முன்னாடி நாற்காலி நுனியில உக்காந்தவங்க எங்க அம்மா.

பையைக் கீழ வெச்சுட்டு என் காதைப் பிடிச்சாங்க. பிடிச்சபடியே மேசை வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

"யாரைடா பேர் சொல்லிக் கூப்பிடற? தனாவா? உன் கூடப் படிச்ச பொண்ணா அவங்க? மன்னிப்புக் கேளு!"

"மன்னிச்சிடுங்க..."ன்னேன்.

"யார்கிட்டடா கேக்கற? முழுசாச் சொல்லு!"

இந்தப் பக்கம் ரவீன், தட்டுல இருக்கற தோசையை விட்டுட்டு என் வாயையே பார்க்கறாரு. அந்தப் பக்கம் அம்மா, காதை இன்னும் விடல. பேரைச் சொன்னா காது போகும். சொல்லலேன்னா ஓட்டு போகும்.

காது என் சொந்தக் காது, மக்களே.

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

ரவீன் எந்திரிச்சாரு. "பத்து."

முருகையா அப்ப தான் வடையைக் கடிச்சிருந்தாரு. கடிச்ச வடையோட எந்திரிச்சாரு. மொத்தக் குரூப்பும் வெளிய படிக்கட்டுப் பக்கம் வரிசையா நின்னு விழுந்து எந்திரிச்சு விழுந்து எந்திரிச்சு... மார்க்கெட்டுக்கு வந்த சனமெல்லாம் பையோட நின்னு வேடிக்கை பார்த்துச்சு. ஒரு தாத்தா போன்ல படம் எடுத்தாரு.

அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. வாயைப் பொத்திக்கிட்டு டீச்சரையே பார்த்தாங்க. டீச்சர் பத்தாவது குதி குதிச்சுட்டு மூச்சு கூட வாங்காம வந்து ரூலை விளக்கினாங்க. "உங்க பையன் மேல தப்பில்லம்மா. இன்னிக்குக் காலையில தான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டான்."

"இப்படி விழுந்து எந்திரிச்சா உங்களுக்கு முட்டி வலிக்காதா?"ன்னு அம்மா கேட்டாங்க.

"வலிச்சுது. வந்தேன். போயிடுச்சு. நீங்களும் வாங்களேன்."

அம்மா யோசிக்க ஆரம்பிச்சாங்க.

ரவீன், "சரி, ஓட்டு. தர்ஷனைச் சேர்த்துக்கலாமா?"ன்னு கேட்டாரு. ஆ செங் கை தூக்கினாரு. டீச்சர் தூக்கினாங்க. எல்லாரும் தூக்கினாங்க. முருகையா மட்டும் வடையை மென்னு முடிச்சுட்டு நிதானமா சொன்னாரு, "அந்தம்மாவும் வந்தா சரி. காதைப் பிடிக்க ஆள் வேணும்."

"வர்றேன்"னுட்டாங்க அம்மா!

அப்படி நான் ஜெயிச்சேன். விசில் திரும்ப அலமாரிக்குப் போயிடும்.

ரெண்டு கறிப் பையையும் மடியில வெச்சுக்கிட்டு ரயில்ல உக்காந்திருந்தப்போ தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணு தானே? உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது. பேர் மட்டும் தான்.

எங்க அம்மா பேரு பாக்கியம். இதை டைப் பண்ணும்போதே அம்மா பக்கத்துல இருக்காங்களான்னு பார்த்துக்கிட்டேன்.

மெதுவாக் கேட்டேன். "ம்மா, அடுத்த வாரம் ப்ளாங்க்ல நான் உன்னை எப்படிக் கூப்பிடறது?"

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "பேர் சொல்லித் தான் பாரேன்."

யோசிச்சுப் பார்த்தா, பத்து பர்ப்பி ஒண்ணும் அவ்வளவு பெரிய விஷயமில்ல.