சந்தனம் வைத்த சர்வர்

“இன்னைக்கு ஆளு வரும். யாருன்னு மட்டும் என்கிட்ட கேக்காத, கேட்டியா?” என்று சொல்லிவிட்டுக் கல்யாணத் தரகர் கோலப்பன் போனை வைத்தார்.

சுதன் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றான். பெண் வீட்டார் ரகசியமாக விசாரிக்க ஆள் அனுப்புவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வழி கேட்பவர் மாதிரி வருவார்கள், தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி வருவார்கள். பையன் குடிக்கிறானா, கோபக்காரனா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். முந்தைய இரண்டு வரன்களும் அப்படித்தான் சத்தமில்லாமல் போயின.

வேலை பற்றிய அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் சுதன் பயந்தான். குளச்சலில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவன் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. அதாவது பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது, மவுஸ் மாற்றுவது, மேனேஜர் மறந்துபோன பாஸ்வேர்டை ஞாபகப்படுத்துவது. கோலப்பன் பயோடேட்டாவில் ‘சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று போட்டிருந்தார். “சும்மா கம்ப்யூட்டர் பாக்கான்னு போட்டா ஒருத்தனும் ஏறிட்டுப் பாக்க மாட்டான்” என்பது அவர் கட்சி. சுதன் கொஞ்சம் முனகினான். பிறகு கோலப்பன் பெண்ணின் போட்டோவைக் காட்டினார். முனகல் நின்றுவிட்டது.

பெண் பெயர் நந்தனா. தக்கலையில் பள்ளி ஆசிரியை. போட்டோவுக்கென்று அடக்கிச் சிரிக்காமல் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளிலிருந்து சுதன் தினமும் ஷேவ் செய்துகொள்கிறான்.

போதாத நேரம், கம்பெனி பில்லெல்லாம் ஓடும் சர்வரிலும் இரண்டு நாளாக ஒரு கோளாறு. அதன் முதுகுப்பக்கம் மின்சாரம் கொடுக்கும் பவர் மாட்யூல்கள் இரண்டு உண்டு. ஒன்று செத்தாலும் மற்றது சுமையைத் தாங்கும். இப்போது ஒன்று செத்துவிட்டது. புதியது கூரியரில் வரும், மாட்டும் முறையை உதவி மையத்திலிருந்து போனில் சொல்வார்கள் என்று சர்வீஸ் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் சுயம்புராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “ஏலே சுதா, கணவா மீன் லோடு தூத்துக்குடிக்குக் கெளம்புற வரைக்கும் அந்தப் பெட்டியில கை வைக்காத. சாயங்காலம் பாத்துக்கலாம்.”

சுதனும் அப்படித்தான் நினைத்திருந்தான். பத்தரை மணிக்கு அந்த மனிதர் வந்து சேரும்வரை.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு அட்டைப்பெட்டி. வாசலில் நின்று சுதனை மேலும் கீழும் பார்த்தார்.

“சுதன்ங்கிறது நீங்கதானா?”

“ஆமா சார்.”

“எப்பவும் இங்கதான் இருப்பீங்களா?”

“காலையில ஒம்பது மணிக்கு வந்தா சாயங்காலம் ஆறு வரைக்கும் இங்கதான் சார். வேற எங்கயும் போக மாட்டேன்.”

“ஆதார் இருக்கா?”

சுதனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஆதாரைப் பார்த்துச் சரிபார்க்கிறார் என்றால் பெண்ணுக்குத் தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும். கூரியர்க்காரர் வேஷத்தில் வந்திருக்கிறார். வேஷம் பிரமாதம், சட்டையில் கம்பெனிப் பெயர்கூடப் போட்டிருக்கிறது.

“பூங்கனியக்கா! சாருக்கு ஒரு சாயா. பழபஜ்ஜி இருந்தா அதுவும்!”

ஆபீஸைக் கூட்டித் துடைத்து சாயா போட்டுக் கொடுக்கும் பூங்கனி எட்டிப் பார்த்தாள். கூரியர்க்காரருக்குப் பழபஜ்ஜி கொடுப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“சார், நான் அவசரமா…” என்று ஆரம்பித்தார் அவர்.

“சர்வர் ரூமைப் பாக்காமப் போனா எப்படி சார்? வாங்க, ஏசி இருக்கு.”

ஏசி என்றதும் அவர் வந்தார். வெயிலில் ஊர் ஊராக நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டியவர் வேறு என்ன செய்வார். பஜ்ஜியைக் கடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் எதிரில் சும்மா நின்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று எப்படித் தெரியும் என்று சுதன் யோசித்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்தான், உள்ளே புது பவர் மாட்யூல்; வேஷத்துக்காக அதையும் கையோடு வாங்கி வந்திருக்கிறார் என்று வியந்தான். உதவி மையத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“வணக்கம் சார், உதவி மையம். உங்கள் பெயரும் பதவியும் சொல்லுங்கள்,” என்றது ஒரு குரல். இஸ்திரி போட்ட மாதிரித் தமிழ்.

“சுதன். சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர்.” ஸ்டூல் வரைக்கும் கேட்கும்படி சொன்னான்.

“எத்தனை வருடமாக சார்?”

“ஆறு வருஷம். பெர்மனென்ட்.”

“இதற்கு முன்பு பவர் மாட்யூல் மாற்றிய அனுபவம் உண்டா சார்?”

“எத்தனையோ.”

எதிர்முனையில் பேனாவால் ஏதோ குறித்துக்கொள்ளும் சத்தம். பிறகு குரல் தொடர்ந்தது. “நல்லது சார். பின்பக்கம் பாருங்கள். ஒரு மாட்யூலில் பச்சை விளக்கு எரியும், அதைத் தொடாதீர்கள். இன்னொன்றில் ஆரஞ்சு விளக்கு மினுக்கும். அதன் வயரைக் கழற்றி, கொக்கியை அழுத்தி, கைப்பிடியைப் பிடித்து இழுங்கள். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும்.”

சுதன் குனிந்து பின்பக்கம் பார்த்தான். பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. போன வாரம் சரஸ்வதி பூஜை. கம்பெனியில் இருக்கும் தராசு, கத்தி, ஐஸ் உடைக்கும் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பூங்கனி, சர்வரை மட்டும் விடுவாளா? இரண்டு மாட்யூலிலும் கண் மாதிரி இருந்த இடத்தைப் பார்த்து அப்பியிருந்தாள். வலது பக்கம் சந்தனம். இடது பக்கம் சந்தனத்தின் மேல் நல்ல தடிமனாகக் குங்குமம்.

“இடது பக்கம் செவப்பாத் தெரியுது சார்.”

“சிவப்பா? ஆரஞ்சா சார்?”

“ஆரஞ்சு மாதிரி செவப்பு.”

“மினுக்குகிறதா?”

ஸ்டூலில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுதன் அவசரமாக, “மினுக்குது, மினுக்குது,” என்றான். மினுக்கியது அவன் கண்கள்தான். வயரைக் கழற்றினான், கொக்கியை அழுத்தினான், இழுத்தான்.

சர்வரின் இரைச்சல் அடங்கியது. அந்த அறையில் இத்தனை நாளாக ஒரு சத்தம் இருந்துகொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. வெளியே பில்லிங் பிரிவிலிருந்து, “போச்சு! எல்லாம் போச்சு!” என்று குரல்கள் எழும்பின.

“சார்,” என்றார் ஸ்டூலில் இருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே. “அந்த ஓடிபி நம்பரைச் சொன்னீங்கன்னா நான் கெளம்பிருவேன். இன்னும் பதினெட்டு டெலிவரி கெடக்கு.”

“நீங்க… தக்கலையிலேருந்து வரல்லியா?”

“கருங்கல்லுலேருந்து வாறேன். ஓடிபி சொல்லுங்க.”

சுதன் ஓடிபி சொன்னான். பழபஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

உதவி மையத்துக்காரன் பதறவில்லை. “கழற்றியதை அப்படியே திரும்ப மாட்டுங்கள் சார். சர்வர் எழுந்து வரப் பதினைந்து நிமிடம் ஆகும். அதுவரை யாரும் தொட வேண்டாம். நான் லைனிலேயே இருக்கிறேன்.”

மாட்டியதும் சர்வர் ஒரு தடவை அலறிவிட்டு மெல்ல முனகத் தொடங்கியது. சுதன் மூச்சு விடுவதற்குள் சுயம்புராஜ் வந்து நின்றார்.

“ஏலே, பில்லு அடிக்க முடியல்ல! வெளியில லாரி நிக்கி, உள்ள பதினாலு டன் கணவா! என்னவாக்கும் பண்ணுன?”

சுதன் பதில் சொல்ல வாய் திறந்தவன் அப்படியே நின்றான். மேனேஜருக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தங்க ஃப்ரேம் கண்ணாடி, கக்கத்தில் குடை. அளந்து பார்க்கும் பார்வை. இதோ, இவர்தான்! கூரியரைப் போய் மாமா என்று நினைத்த புத்தியை என்ன சொல்வது என்று தன்னையே நொந்துகொண்டான்.

“ஒரு சின்ன டெஸ்ட்தான் சார், பதினைஞ்சு நிமிஷம்,” என்றான் மேனேஜரிடம், அட்மினிஸ்ட்ரேட்டர் குரலில். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பில்லிங் பிரிவுக்குப் போனார். குடைக்காரர் நின்றார்.

“இங்க எப்பவும் இப்படித்தானா தம்பி?”

“இல்ல மாமா. இன்னைக்குத்தான்.”

மாமா என்றதும் அவர் கொஞ்சம் விழித்தார். “எனக்கு நேரமாகுது. ஒரு முடிவு தெரிஞ்சாப் போயிருவேன்.”

“முடிவு நீங்கதான் சொல்லணும் மாமா. நான் பீடி சிகரெட் தொடுறதில்ல. கோவமே வராது.”

“அது நல்லதுதான்,” என்று ஒப்புக்கொண்டார் அவர். “ஆனா எனக்கு இப்ப அதுவா முக்கியம்?”

சுதன் இந்தப் பதிலுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தபோது பூங்கனி ஈரத்துணியோடு ஓடி வந்தாள். “ஐயோ தம்பி, செவப்பாத் தெரியுதுன்னியளே, அது நான் வச்ச குங்குமமாக்கும்! என்னாலதான் இந்தப் பாடா?” என்று பெட்டிக்குப் பின்னால் புகுந்து அவசர அவசரமாகத் துடைத்தாள்.

குங்குமம் போயிற்று. அடியில் அழகான பச்சை விளக்கு எரிந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் ஒரே நொடிதான்; பூங்கனியின் முழங்கை பட்டு வயர் கழன்று விழுந்தது. விளக்கும் அணைந்தது, சர்வரும் அணைந்தது. வெளியே மறுபடியும் “போச்சு!”

பூங்கனி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். சுதன் வயரை மாட்டிவிட்டு ஸ்பீக்கரை அணைத்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

“சார், உள்ளதைச் சொல்லிருகேன்,” என்றான் தணிந்த குரலில். “நான் அட்மினிஸ்ட்ரேட்டரே இல்ல. இந்தப் பெட்டிக்க பின்பக்கத்தை இன்னைக்குத்தான் பாக்கேன். எனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கு. அங்கேருந்து ஆளு வந்து பக்கத்துல நிக்கி. அவருக்கு முன்னால பெரிய ஆளாக் காட்டணும்னு கை வச்சேன். அந்தப் பொண்ணு போட்டோவில பல்லெல்லாம் தெரியச் சிரிக்கா சார். அப்படிச் சிரிக்குற ஒருத்தி வீட்டுல இருந்தா எப்படியிருக்கும்னு பதினைஞ்சு நாளா நெனைச்சுட்டே இருக்கேன்.”

எதிர்முனையில் இருமல் சத்தம் கேட்டது. “சரி சார். விளக்கு மறுபடி பச்சையானதும் சொல்லுங்கள். நான் இருக்கிறேன்.”

சுயம்புராஜ் புயல் மாதிரி உள்ளே வந்தார். “யாருல மறுபடியும் புடுங்குனது? பூங்கனி, நீயா? ஈரத்துணியோட உனக்கு இங்க என்ன வேல? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்!”

பூங்கனியின் புருஷன் கடலுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. இந்த வேலைதான் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும், சுயம்புராஜுக்கும் தெரியும், கோபத்தில் மறந்துவிட்டார். சுதன் குடைக்காரரைப் பார்த்தான். அவரும் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அவனையே பார்த்தார். இப்போது வாயைத் திறந்தால் நந்தனா இல்லை. அவனுக்கு அழுகையே வந்தது.

எழுந்து நின்றான். “அக்காவைச் சொல்லாதிய சார். நல்லா ஓடிட்டு இருந்த மாட்யூலைப் புடுங்கினது நானாக்கும். சாயங்காலம் செய்யச் சொன்னிய, நான் கேக்கல்ல. எனக்கு இந்த வேல தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்.”

குடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“அதெல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கிடுங்க. டிரைவருக்குக் காய்ச்சல்னு வண்டி ஓனர் நானே லாரியை ஓட்டிட்டு வந்திருக்கேன். எனக்கு லோடுக்க பேப்பர் எப்பக் கிடைக்கும்?”

சுதனுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அதன்பிறகு நடிக்க ஆளில்லாததால் வேலை ஒழுங்காக நடந்தது. உதவி மையத்துக்காரன் ஒவ்வொன்றாகச் சொன்னான், சுதன் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுவிட்டுச் செய்தான். சர்வர் எழுந்ததும் வலது பக்கச் சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைத்தான். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது, இந்தத் தடவை உண்மையாகவே. செத்த மாட்யூலை உருவினான். சர்வர் கொஞ்சமும் அசையாமல் ஓடியது. புதியதை உள்ளே தள்ளினான், ‘டக்’ என்று பிடித்தது. வயரைச் செருகினான். இரண்டு பச்சை விளக்கு.

ஒரு மணிக்குப் போக வேண்டிய லாரி இரண்டரைக்குப் போயிற்று. “கணவா கெட்டுப்போகல்ல, அதனால தப்பிச்சிய,” என்று சுயம்புராஜ் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, பூங்கனியிடம் சாயா கேட்டார். அவர் சாயா கேட்டால் வேலை போகவில்லை என்று அர்த்தம்.

சுதன் சர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தான். லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை.

“ரொம்ப உபகாரம் சார். கம்ப்ளைண்டை முடிச்சுக்கிடுங்க.”

“முடித்துவிடுகிறேன் சார். உங்களைப் பார்க்க வந்தவர் என்ன சொன்னார்?”

“எங்க சார், ஆளே வரல்ல. ஒருத்தரு கூரியரு, ஒருத்தரு லாரி. நெசமான ஆளு வாசல்ல நின்னு இந்தக் கூத்தைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கும். இதுவும் போச்சு.”

எதிர்முனையில் யாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம். பிறகு அந்த இஸ்திரி போட்ட குரல் திடீரென்று கசங்கி, பச்சை நாகர்கோவில் குரலாக மாறிற்று.

“ஆளு காலையிலயே வந்தாச்சு மக்கா, உனக்க கம்ப்ளைண்டைக் கேட்டு வாங்கி இப்ப வரைக்கும் லைனுலதான் நிக்கேன். ஞாயித்துக்கிழமை எல்லாருமா வீட்டுக்கு வாறோம்னு அம்மைகிட்ட சொல்லிரு, நான் நந்தனாவுக்க அண்ணனாக்கும்!”