கருநாக்கரின் மூன்று ‘ங்க’

பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். நிலக்கரியின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். ஏமாந்தது ஒரு லாரி அளவுக்கு என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். உடுமலைப்பேட்டை போகும் வழியில் ஒரு துணி ஆலை. அதன் கொள்முதல் பிரிவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் தற்காலிகம். அதன் பிறகு மேனேஜர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். “வேலை நிரந்தரமாகட்டும், தேதி குறிக்கலாம்” என்று பெண் வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். ஆக என் வேலை, கல்யாணம் இரண்டுமே மேனேஜரின் பேனாவுக்குள் இருந்தன. அந்தப் பேனாவால்தான் அவர் காதும் குடைவார்.

அந்த ஆலையில்தான் கருநாக்கர் இருந்தார். நாக்கை நீட்டிச் சம்பளம் வாங்கியவர் கொங்கு நாட்டிலேயே அவர் ஒருவர்தான். ஆலைக்கு வரும் கரியைச் சோதிப்பது அவர் வேலை. தராசு, கரித்தூளைச் சுட்டுப் பார்க்க மூசைக் கிண்ணம், சின்ன உலை எல்லாம் கொடுத்திருந்தார்கள். அவர் முதலில் கரியைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு நக்குவார். நாக்கில் ஒட்டினால் ஈரம், கரகரத்தால் மண். அதன் பிறகுதான் உலை. ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று உலை சொல்லும் கணக்கு, நாக்கு சொன்னதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

பாய்லரில் ஆவி எடுக்க ஆகுமா என்பதை உலை சொல்லிவிடும். துணியின் பிசிறைச் சுட்டெடுக்கும் இயந்திரத்துக்குக் கரியிலிருந்து காஸ் எடுத்துக்கொண்டிருந்தோம். அதற்கு ஒரு பழைய கெட்டிலில் கரித்தூளை வறுத்து, மூக்கு வழியாக வரும் புகையில் தீக்குச்சியைக் காட்டி, சுடர் எத்தனை நேரம் நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணுவார். வீட்டு அடுப்புக்கு ஆகுமா என்ற சோதனை மட்டும் ஆலைக்கு வெளியே நடக்கும். ஒரு பை கரியைக் குடியிருப்பிலிருந்த தன் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் கொடுத்துவிட்டு, நோட்டோடு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். மறுநாள் நோட்டில், ‘அடுப்பு: இருமல் இரண்டு, தும்மல் ஒன்று, திட்டு மூன்று. தேறும்’ என்று இருக்கும்.

அவர் நாக்கு கரியால் மட்டும் கறுத்ததல்ல. ஒருமுறை, “இந்தக் கரி வெடிக்கும்” என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலையே பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடி வெடித்தது. ஃபோர்மேனின் புது சைக்கிளைப் பார்த்து, “இது நிக்காது” என்றாராம். ஸ்டாண்டைப் பற்றித்தான் சொன்னார். சைக்கிள் மறுநாள் திருட்டுப்போனது. ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. எல்லோரையும்விட அதிகம் பயந்தவர் அவர்தான். அன்றிலிருந்து எதைப் பற்றியும் வாய்திறந்து கெட்டது சொல்வதில்லை. உள்ளதைக் காகிதத்தில் எழுதி நாலாக மடித்துக் கொடுத்துவிடுவார்.

இந்த நிலையில் மேனேஜர், “வடக்கத்திக் கரி நேரத்துக்கு வரமாட்டேங்குது. நம்ம பக்கத்துப் பழுப்பு நிலக்கரி கெடைக்குதான்னு பாருங்க” என்றார். தாராபுரத்தில் ஒரு கிடங்கில் பார்த்தேன். கன்னங்கரேலென்று, முகம் பார்க்கலாம் போல மின்னியது. பழுப்புக் கரி கறுப்பாக மின்னினால் சந்தேகப்பட வேண்டும், நான் சந்தோஷப்பட்டேன். தண்ணீர் அடித்து எடை ஏற்றியிருக்கிறார்கள் என்பது, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

லாரி வந்தது. கருநாக்கர் தட்டினார், கேட்டார், நக்கினார். என் முகத்தைப் பார்த்தார். பை நிறையக் கரியோடு வீட்டுக்குப் போனார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ஓடிப்போய்க் கேட்டேன். “ஏண்ணா, கரி எப்படி?”

மடித்த காகிதத்தை என் கையில் வைத்தார். “நல்லாத்தானுங்க இருக்குதுங்க. எரியுமுங்க.”

இதைவிட என்ன வேண்டும்? காகிதத்தைப் பிரிக்காமலேயே சட்டைப் பையில் செருகிக்கொண்டு மேனேஜரிடம் போய், “கரி பாஸ் சார்” என்றேன். பத்து மணிக்குப் பாய்லரில் போட ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பாய்லர் பார்க்கும் மாரண்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆவி அழுத்தம் காட்டும் முள், தூங்கி விழுகிறவன் தலையைப் போல இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சாயத்தொட்டியில் ஏற்றுமதித் துணி பாதி நிறத்தில் நின்றது. காஸ் சுடர் மஞ்சளாகி ஒருமுறை விக்கி அணைந்தது. கேன்டீனில் காலையில் வைத்த தேநீர் இன்னும் கொதிக்கவில்லை.

“அவுரு நல்லா இருக்குதுன்னு சொன்னாரே!” என்றேன்.

“எப்படிச் சொன்னாருங்க? அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். மாரண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யோ, மூணு ‘ங்க’ போட்டிருக்காருங்களே! ஒண்ணு போட்டா நல்ல கரி. ரண்டு போட்டா வேற கரியோட கலந்து எரிக்கோணும். மூணு போட்டா கிட்டவே போகக்கூடாதுங்க தம்பி. இது ஆலைல எல்லாத்துக்கும் தெரியுமே!”

எங்கள் ஊரில் மரியாதை என்றால் மரியாதைதான். அதில் சாம்பல் கணக்கு இருக்கும் என்று யார் கண்டது?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேனேஜர் என்னையும் கருநாக்கரையும் அழைத்தார். “ஏனுங்க தம்பி, இத யாருங்க பாஸ் பண்ணுனது? எதுக்குங்க வாங்குனீங்க?” நான் அந்தப் பயத்திலும் எண்ணினேன். நான்கு.

அவர் கருநாக்கரிடம் திரும்பினார். “நீங்க எழுதிக் குடுக்கலீங்களா?”

கருநாக்கர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “இல்லீங்க. மறந்துபோட்டனுங்க.”

எனக்காக ஒரு மனிதர், அதுவும் பொய்யே எழுதாத மனிதர், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அந்த நிமிடமே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. வேர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுத்தேன். கூடவே காகிதம் வந்து மேனேஜர் மேசை மேல் விழுந்தது. அவர் பிரித்து உரக்கப் படித்தார்.

“ஈரம் மிக அதிகம். சாம்பல் அதிகம். நடுவே கல். பாய்லருக்கு ஆகாது. காஸுக்கு ஆகாது. அடுப்பு: இருமல் ஒன்பது, தும்மல் நான்கு, திட்டு எண்ணி முடியவில்லை.”

மேனேஜர் என் ஃபைலை எடுத்து, திறக்காமலேயே கீழ் டிராயரில் வைத்தார்.

“இன்னும் மூணு மாசம் இவருகூட இருந்து கரி பாக்கப் பழகுங்க. கையெழுத்து அப்புறம் பாக்கலாம்.”

தையில் நடக்க வேண்டிய கல்யாணம் வைகாசிக்குப் போனது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு, “கரி நக்கிப் பழகுகிறார்” என்று பதில் சொல்ல மாமனார் பட்டபாட்டை நான் நேரில் பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதங்களும் கருநாக்கர் என்னிடம் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. நல்ல வார்த்தைக்கும் பயந்தார். நான் ஊருக்குப் புறப்பட்டால், ‘பாத்துப் போங்க’ என்று சொல்லமாட்டார். பஸ் மறையும்வரை வாயைப் பொத்திக்கொண்டு ஆலை வாசலில் நிற்பார். கல்யாணத்துக்கு மனைவியோடு தஞ்சாவூர்ப் பக்கம் அவ்வளவு தூரம் வந்தார். இடது கையால் வாயை இறுகப் பொத்தி, வலது கையால் அட்சதை போட்டார். எத்தனையோ பெரியவர்கள் அன்று வாய் நிறைய வாழ்த்தினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் நினைவில்லை.

பந்தியில் அவர் மனைவியிடம் தழுதழுத்தேன். “அன்னைக்கு எனக்காக மேனேஜர்கிட்டயே பொய் சொன்னாருங்கக்கா உங்க வீட்டுக்காரர். அதை நான் மறக்கமாட்டேன்.”

அந்தம்மா பாயசத்தைக் கீழே வைத்தார்.

“பொய்யுங்களா? அட நீங்க வேற. அன்னைக்கு மத்தியானம் சோத்துக்கு வந்த மனுசன், எழுதுன காயிதத்த எங்க வெச்சேன்னு தெரியலைன்னு ஊட்டையே பொரட்டிப்போட்டாருங்க. உங்க கையில குடுத்தது நெசமாவே அவருக்கு நெனப்பில்ல.”