ரஜிதா டீச்சருக்குப் பதிலாக

கரும்பலகையை அழிக்கத் துணி எங்கே என்று ஷிபுலால் தேடினான். அதற்குள் பிள்ளைகளே எழுந்து வந்து பலகையை அழித்தார்கள், மேசையைத் துடைத்தார்கள், நாற்காலியையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். போகிற வழியில் யாரும் யாரையும் கிள்ளவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி இருந்து அவன் கண்டதே இல்லை.

"பாடம் எங்க நிக்குது?" என்று கேட்டான்.

"நீங்க எங்க சொல்றீங்களோ அங்க, மாஷே," என்றாள் முன் பெஞ்சுச் சிறுமி. வாத்தியார் என்றால் அந்தப் பக்கம் மாஷ்.

பதில் ஆசிரியராகப் போகிறவனுக்குச் சத்தம் பயமில்லை, அது பழகிய சங்கதி. பணிவுதான் பயம். ஷிபுலால் நாற்காலியில் பசை தடவியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். ஒன்றுமில்லை. மெதுவாக உட்கார்ந்தான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

காரக்குன்னு பள்ளிக்கு அவன் வந்தது அன்று காலையில்தான். முந்தின இரவு தலைமையாசிரியை பங்கஜவல்லி டீச்சர் போன் செய்திருந்தார்.

"ரஜிதா டீச்சர் லீவு. நாளைக்கு ஒரு நாள் வந்து நில்லுங்க மாஷே. நீண்டாலும் நீளும். அவங்க விஷயம் எப்படி ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

நீண்டாலும் நீளும் என்ற வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் பாஸ் செய்து, ஜூன் மாதத்திலிருந்து இங்கே ஒரு நாள், அங்கே அரை நாள் என்று அலைந்துகொண்டிருக்கிறவன் அவன். மாமனார் வேறு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் செய்து, "இன்னைக்கு எந்த ஸ்கூல் மோனே?" என்று கேட்பார். அக்கறையாகத்தான் கேட்பார், அதுதான் தாங்காது. ஒரே பள்ளிக்கூடத்தின் பெயரை அடுத்தடுத்த நாள் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர ஷிபுலாலுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

டீச்சரின் விஷயம் என்றால் உடம்பு விஷயமாகத்தான் இருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். பாவம் என்று நினைத்தான். கொஞ்சம் பெரிய வியாதியாக இருந்தால் தேவலை என்றும் நினைத்தான். பெரிது என்றால் உயிருக்கு ஆபத்தானது அல்ல. மார்ச் வரைக்கும் மாவுக்கட்டோடு கிடக்கிற மாதிரி, காலில் ஏதாவது.

அதனால்தான் காலையில் பள்ளிக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று மெல்ல விசாரித்தான்.

"இந்த ஸ்கூல்ல ரஜிதா டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்கல்ல. அவங்க எப்படி? திடமான ஆளா?"

கடைக்காரர் பதில் சொல்லும் முன்பே, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினார். அவர் பள்ளியின் பியூன் வேலுக்குட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. மணி அடிக்க ஓடுகிறார் என்று ஷிபுலால் நினைத்துக்கொண்டான்.

ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"ரஜிதா டீச்சருக்குப் பதிலா வந்திருக்கேன். எச்.எம். சொல்லியிருப்பாங்க."

"எச்.எம். மீட்டிங் போயிருக்காங்க, சாயங்காலம்தான் வருவாங்க," என்றார் ஏலியாம்மா டீச்சர். அங்கே மூத்தவர் அவர்தான். ஷிபுலாலைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒரு தரம் பார்த்தார். "ஆனா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாஷே, எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பதிலா வந்திருக்கீங்க. அப்படியே இருக்கட்டும்."

"எந்த கிளாஸ் டீச்சரே?"

"அஞ்சு ஏ. ரஜிதாவோட கிளாஸ் அதுதான்."

"அஞ்சு ஏ-யா? ரஜிதாவுக்கு ஏழு..." என்று ஆரம்பித்தார் அரபி வகுப்பு எடுக்கும் மொய்து மாஷ். சட்டென்று முகம் சுளித்துத் தன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் பாதம் இருந்த இடத்தில் இப்போது ஏலியாம்மா டீச்சரின் செருப்பு இருந்தது.

அப்படித்தான் ஷிபுலால் ஐந்து ஏ-வில் வந்து உட்கார்ந்தான். பாடம் நடத்தினான், கேட்டார்கள். கணக்குக் கொடுத்தான், போட்டார்கள். ஒரு பையன் தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டான். நேரம் என்றால் நேரம், அப்படி ஒரு நேரம், நகரவே இல்லை. அவன் இரண்டு முறை கொட்டாவி விட்டான். பிள்ளைகள் அதையும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் டீயோடு, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வந்தது. இத்தனை பள்ளிக்குப் போயிருக்கிறான், பழம்பொரி இதுதான் முதல் தடவை.

"வீடு எங்க மாஷே?" என்று கேட்டார் ஏலியாம்மா டீச்சர்.

"ஷொரணூர் பக்கம்."

ஏலியாம்மா டீச்சர் மொய்து மாஷைப் பார்த்தார். மொய்து மாஷ் வேலுக்குட்டியைப் பார்த்தார். வேலுக்குட்டி இன்னொரு பழம்பொரியை ஷிபுலாலின் தட்டில் வைத்தார்.

இதுதான் சமயம் என்று ஷிபுலால் மெல்லத் தொடங்கினான். "ரஜிதா டீச்சருக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கா? ஒண்ணுமே இல்லை மாஷே."

"பழைய வியாதி ஏதாவது? அடிக்கடி வந்து போற மாதிரி?"

"என்ன மாஷே கேக்கறீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு ஜலதோஷம் பிடிச்சு நாங்க பாத்ததில்லை."

ஷிபுலாலின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து ஏலியாம்மா டீச்சருக்குப் பதற்றமாகிவிட்டது, போதவில்லை போலிருக்கிறது என்று.

"போன மழையில ஊரே காய்ச்சல்ல கிடந்துச்சு. ரஜிதா மட்டும்தான் நின்னா. கல்லு மாதிரி உடம்பு."

"அப்போ லீவு கீவு அதிகம் போட மாட்டாங்களா?"

"லீவா? மாஷே, நாளைக்குக் காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடி இங்க நிப்பா," என்றார் மொய்து மாஷ், தன் பங்குக்கு.

ஷிபுலால் பாதிப் பழம்பொரியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். கடைசி நம்பிக்கையாக ஒன்று கேட்டான். "வெளிநாடு போற எண்ணம் ஏதாவது உண்டா? வளைகுடா மாதிரி?"

ஏலியாம்மா டீச்சரின் முகம் மலர்ந்தது. "கூட்டிட்டுப் போனா போவா. அதெல்லாம் உங்க கையில இருக்கு மாஷே."

ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்று தன்னை நினைத்துவிட்டார்களோ என்று ஷிபுலாலுக்குத் தோன்றியது. ஒன்றும் புரியாமல் எழுந்து வகுப்புக்குப் போனான்.

அடுத்த பீரியட் நடக்கும்போதுதான் அந்த ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையிடுக்கில் குடை. முற்றத்தில் நின்று, "ரஜிதா டீச்சர் விஷயமா வந்திருக்கேன்," என்று அவர் சொன்னது ஷிபுலாலின் காதில் விழுந்தது.

ஏலியாம்மா டீச்சர் வராந்தாவிலிருந்தே ஒரு சத்தம் போட்டார். "எத்தனை மணிக்கு வர்றீங்க? பதிலுக்கு வர்றவருக்கு நேரம் காலம் வேண்டாமா?"

"இல்லை, நான் வந்தது..."

"தெரியும், தெரியும். எச்.எம். அனுப்பின ஆள்தானே. பேசிக்கிட்டு நிக்க நேரமில்லை. இந்தாங்க சாக்பீஸ், அந்தக் கோடியில ஏழு பி. கதவைச் சாத்திக்குங்க, ஒண்ணு ரெண்டு ஓடிடும்."

அந்த மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடினார். வேலுக்குட்டி அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பி, நடத்திக்கொண்டு போய், உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து ஓவென்று ஒரு ஆரவாரம் கிளம்பியது.

ஷிபுலாலுக்குப் பகீரென்றது. ஒரு டீச்சருக்குப் பதிலாக இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு, தேறுகிறவனை வைத்துக்கொள்ளப்போகிறார்கள். வந்தவரோ அனுபவசாலியாகத் தெரிகிறார், வேட்டியே சொல்கிறது. தனக்கு எளிதான வகுப்பைக் கொடுத்து ஓரங்கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டான்.

மதியச் சாப்பாட்டில் சோறும் பயறுக் கறியும். ஷிபுலாலுக்கு மட்டும் அப்பளமும் ஒரு துண்டு மீனும் கூடுதலாக வந்தன. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். சட்டை முதுகில் நீல மையில் யாரோ ஒரு மீசை வரைந்திருந்தார்கள். குடையில் கைப்பிடி இல்லை. தட்டை நீட்டிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

"முதல்ல பிள்ளைங்களை எண்ணிட்டு வாங்க," என்றார் வேலுக்குட்டி.

ஷிபுலாலுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, அதை அவன் மறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தபோது பயம்தான் மிஞ்சியது. ஏழு பி-யை அடக்கிவிட்டால் வேலை அவருக்குத்தான். ஷிபுலால் நேரே ஏலியாம்மா டீச்சரிடம் போனான்.

"டீச்சரே, மத்தியானம் நான் ஏழு பி-க்குப் போறேன்."

ஏலியாம்மா டீச்சர் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. "எதுக்கு?"

"அந்த கிளாஸையும் ஒரு தரம் பாத்துடலாம்னுதான்."

"அதெல்லாம் பாக்கவே கூடாது. அதுக்கும் ரஜிதாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பக்கமே அவ போனதில்லை. மொய்து மாஷே, சொல்லுங்களேன்."

"ஏழு பி-ன்னு ஒரு கிளாஸ் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது," என்றார் மொய்து மாஷ். செருப்படி வாங்கிய மனிதர் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் ஒத்துழைப்பார்.

திரும்பவும் ஐந்து ஏ. திரும்பவும் அமைதி. வேறு வழியில்லாமல் ஷிபுலால் பிள்ளைகளையே கேட்டுப் பார்த்தான்.

"ரஜிதா டீச்சர் எப்படி?"

மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. "ரஜிதா டீச்சர் ரொம்ப நல்லவங்க. கோபமே வராது. பெரியவங்களுக்கு மரியாதை குடுப்பாங்க. நல்லா சமைப்பாங்க."

"சமைப்பாங்களா? நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேலுக்குட்டி பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டிருக்கோம், மாஷே."

இப்படிப்பட்ட டீச்சர் ஒரு நாளைக்கு மேல் லீவு போடவே மாட்டார் என்பது ஷிபுலாலுக்கு உறுதியாகிவிட்டது. சாயங்காலம் மாமனாருக்கு என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினான். கோடியிலிருந்து பெஞ்சு விழுகிற சத்தமும், யாரோ சேவல் மாதிரி கூவுகிற சத்தமும் வந்துகொண்டே இருந்தன. பிறகு கொஞ்ச நேரம் பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

கடைசி மணி அடிக்கிற நேரத்தில் பங்கஜவல்லி டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆசிரியர் அறையில் நின்ற ஷிபுலாலைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டீங்களா ஷிபு மாஷே, நல்லது. டீச்சர்மாரே, இவரைத்தான் நேத்து ராத்திரி போன் பண்ணி வரச் சொன்னேன். ஏழு பி-யில கஷ்டப்படுத்தலையே?"

எல்லோரும் ஷிபுலாலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவரா?" என்றார் ஏலியாம்மா டீச்சர். "இவர் பையன் வீட்டு ஆள் இல்லையா?"

"எந்தப் பையன் வீடு?" என்று கேட்டான் ஷிபுலால்.

"நேத்து ரஜிதாவைப் பெண் பாத்துட்டுப் போனாங்க மாஷே, ஷொரணூர்க்காரங்க," என்றார் ஏலியாம்மா டீச்சர். "பிடிச்சுதாம். ஸ்கூல்ல ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுச் சொல்றோம்னு போனாங்க. அந்த வெக்கத்துலதான் அவ லீவே போட்டா. நீங்க காலையிலேயே டீக்கடையில நின்னு அவளைப் பத்திக் கேட்டீங்களா, வேலுக்குட்டி ஓடி வந்து சொன்னார். ஏழு பி அவளோட கிளாஸ்னு தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடும்னு உங்களை அஞ்சு ஏ-யில உக்கார வச்சேன். காலையிலேயே அந்தப் பிள்ளைங்களுக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்துச் சொல்லியும் வச்சேன்."

"இவருக்கு வேண்டியதே அந்தக் கல்யாணம்தான்," என்றார் பங்கஜவல்லி டீச்சர். "பையனுக்கு ஷார்ஜாவுல வேலை. முடிவாச்சுன்னா ரஜிதா நீண்ட லீவு போட்டுட்டுக் கூடப் போயிடுவா. இந்த மாஷுக்கு மார்ச் வரைக்கும் கிளாஸ் உண்டு."

ஷிபுலால் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து ஒரு நல்ல பெண்ணுக்குக் கால் முறிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. கல்யாணம் நடந்தால் போதும், யாருக்கும் மாவுக்கட்டு வேண்டாம்.

அந்த நிம்மதி வேலுக்குட்டி வாயைத் திறக்கிற வரைக்கும்தான் இருந்தது.

"அப்போ டீச்சரே," என்றார் வேலுக்குட்டி, "நான் ஏழு பி-யில தள்ளிக் கதவைச் சாத்தினேனே, அவர் யாரு?"

மொய்து மாஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏலியாம்மா டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று யாரோ முனகினார்கள். மார்ச் மாதம் ஷிபுலாலின் கையை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

வாசலில் நிழல் தட்டியது. தலையெல்லாம் சாக்பீஸ் தூளும், ஒரு கையில் கைப்பிடி இல்லாத குடையுமாக அந்த மனிதர் வந்து நின்றார். பின்னால் இரண்டு பிள்ளைகள் அவருடைய வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "மாஷே, எங்க ரஜிதா டீச்சரா இருந்தா எங்களை இப்படி ஆட விட்டிருக்க மாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார், வேலுக்குட்டி ஓடிப்போய் மொண்டு கொடுத்தார். முழுவதும் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, பங்கஜவல்லி டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"நான் பையனோட சித்தப்பாங்க. இந்த ஏழு பி-யைத் தினமும் மேய்க்கிற பொண்ணுக்கு மாமியாரா எங்க அண்ணி எம்மாத்திரம், சீக்கிரம் ஒரு நல்ல நாள் பாருங்க."