சாம்பிள் அண்ணாச்சியின் செம்பு

வாயில் போட்ட எதையும் விழுங்காமலே எழுபது வயதை எட்டிய ஒரே மனிதர் விருதுநகரில் சாம்பிள் அண்ணாச்சிதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

நான் வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் மண்டியில் அவருக்கு வேலை ருசி பார்ப்பது. லோடு வந்து இறங்கியதும் மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு வத்தலை வெளியே எடுப்பார். மோந்து பார்ப்பார். நுனியைக் கிள்ளி நாக்கில் வைப்பார். பிறகு ஒரு பித்தளைச் செம்பில் துப்பிவிட்டு ஒற்றை வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார். 'சரக்கு' என்றால் நல்லது, 'குப்பை' என்றால் லாரியைத் திருப்ப வேண்டியதுதான். உளுந்து, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். அந்தச் செம்பை ஒரு மஞ்சள் பையில் போட்டு, போகிற இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவார். ஒருமுறை அதை எடுத்துத் தரச் சொன்னபோது, பழைய பேப்பரைச் சுற்றிப் பிடித்துத்தான் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு அருவருப்பு.

மண்டியோடு நிறுத்திக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? என் தங்கை கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து, செம்பை எடுத்துத் துப்பினார். "பருப்பு போன வருசத்துது. புது வீட்டுக்குப் போற பிள்ளைக்குப் பளைய பருப்பா?" என்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார். மாப்பிள்ளை வீட்டாரைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது. இன்னொரு முறை டாக்டர் கொடுத்த இருமல் மருந்தை அவர் முன்னாலேயே துப்பி, "இது இன்னும் மூணு மாசத்துல கெட்டுரும்யா" என்றார். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். சரியாக மூன்று மாதம்தான் இருந்தது. இனிமேல் வேறு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பருப்புக் கல்யாணத்து மாப்பிள்ளைதான், கோயம்புத்தூரில் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, ஆமத்தூர்ப் பக்கம் பார் லைசென்ஸோடு ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார். எட்டு வருடம் கழித்துத் தங்கை பத்து நிமிட தூரத்துக்கு வந்து சேர்ந்தாள். கடைதான் ஓடவில்லை. அப்போது விஸ்வநத்தத்துப் பட்டாசு முதலாளி ஒருவர், சீசனுக்கு முன் வெளியூர் டீலர்களுக்கு விருந்து வைக்கப் புது இடம் தேடுவதாகத் தெரிந்தது. அவரை அசத்துவதற்காக மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒயின் ருசி பார்க்கும் கூட்டம் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஒயினுக்கும் பொருத்தமாக நம்ம ஊர்ச் சாப்பாடு. விளக்கிச் சொல்ல பெங்களூரிலிருந்து கோட்டுப் போட்ட நிபுணர்.

"இந்த ஆர்டர் கிடைக்கலைன்னா கடையப் பூட்டிட்டு நாங்க மறுபடி கோயம்புத்தூருக்கே போயிருவோம் மச்சான்" என்றார். அந்தக் கவலையில் மண்டியில் அண்ணாச்சி காதுபட உளறித் தொலைத்தேன்.

"ஏன் தம்பி, ருசி பாக்குற கூட்டம்ங்கிறீக, என்னையக் கூப்பிடணும்னு தோணலையா?"

"அது ஒயின் அண்ணாச்சி. நீங்கதான் குடிக்க மாட்டீகளே."

"குடிக்க யாரு வாரா? துப்பத்தான வாரேன்!"

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனேன். போனதும் முதலாளிக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒவ்வொரு மேசையிலும் பளபளவென்று ஒரு அகலப் பாத்திரம் இருந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளியின் மேனேஜர் அதில் நெத்திலி முள்ளைப் போட்டார். இன்னொருவர் கை கழுவினார். நிபுணர் முதல் கிளாஸைச் சுழற்றி, மோந்து, வாய்க்குள் உருட்டி, அந்தப் பாத்திரத்தில் துப்பினார்.

"என்னய்யா, அவருக்கே பிடிக்கலையா?" என்றார் மேனேஜர்.

அண்ணாச்சி எழுந்து நின்று நிபுணரைக் கும்பிட்டார். "இம்புட்டு நாளா எங்கய்யா இருந்தீக?" என்று கேட்டுவிட்டு மஞ்சள் பையிலிருந்து செம்பை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

நெத்திலி வறுவலோடு வந்த முதல் ஒயின், "சரக்கு." நாட்டுக்கோழியோடு வந்த இரண்டாவதும், "சரக்கு." மூன்றாவது எண்ணெய்ப் பரோட்டாவுக்கான சிவப்பு ஒயின். அதை வாயிலேயே வைக்கவில்லை.

"நனைஞ்ச சாக்கு."

நான் அவர் தொடையைக் கிள்ளினேன்.

"கிள்ளாதீக தம்பி. மளையில நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது."

"இல்ல சார், இந்த ஒயினோட வாசனையே அப்படித்தான்" என்று நிபுணர் சிரித்தார்.

"அம்பது வருசமா சாக்க மோந்து பொளைக்கிறவன்ட்ட சொல்லாதீக."

நிபுணர் அந்தப் புட்டியின் தக்கையை எடுத்து மோந்தார். மறுபடி மோந்தார். சிரிப்பு நின்றது. "மன்னிச்சுக்கங்க, தக்கை கெட்டு ஒயினும் கெட்டிருக்கு" என்று வேறு புட்டி திறந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளியும் தட்டினார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாமே இந்த மனுஷன்! கைதட்டல் தலைக்கேறி, பரோட்டாவின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, செம்பில் துப்பினார். "மாப்பிள்ளை, இது நேத்துக் காய்ஞ்ச எண்ணெய்."

மாப்பிள்ளை பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "புது டின்னு வர லேட்டாச்சு. நேத்து மிச்சத்துல ஆரம்பிச்சிட்டேன்" என்றார். சமையலறை வாசலில் தங்கை நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. அந்த நிமிடம் எனக்கு அண்ணாச்சியின் கழுத்தை நெரிக்கத் தோன்றியது உண்மை.

முதலாளி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவி வந்தார்.

"எங்க கம்பெனியில சோதிக்காம ஒரு பெட்டியக்கூட ஒட்ட விடமாட்டேன். உங்ககிட்டயும் சோதிக்க ஒரு ஆளு இருக்காரு. விருந்து இங்கனதான். ஆனா பந்திக்கு வாரது எல்லாத்தையும் முதல்ல இவரு துப்பிப் பாத்திருக்கணும்."

ஆக, விருந்து நாளன்று அவரைக் காரில் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. வழியெல்லாம் என் கார் சீட்டில் போன மழையின் வாடை அடிப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சமையலறையில் சட்டி சட்டியாகப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, துப்பி, 'சரக்கு' என்றார். கடைசியில் எண்ணெய்ப் பரோட்டா. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். நான் செம்பை நீட்டினேன். பேப்பர் சுற்ற மறந்துவிட்டேன்.

அவர் செம்பைப் பார்க்கவே இல்லை. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு துண்டு பிய்த்தார். அதுவும் உள்ளே போனது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லலையே?" என்றார் மாப்பிள்ளை.

"வாயில சாப்பாடு இருக்கையில என்னத்தப் பேச?"

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள், அந்தச் செம்பைப் பின்கட்டுக் குழாயடிக்கு எடுத்துப்போய்ப் புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் பையில் வைத்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.